பிரஷரை ஏத்தினால் பெட்ரோல் கூடுமா?

டிராக் ரேஸுக்காக டர்போ மாட்டின கார்ல எல்லாரும் ஒரு கட்டத்துல கை வைக்கிற இடம், ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர். ஸ்க்ரூவைத் திருகினால் கேஜ்ல முள் ஏறும். "பெட்ரோல் பத்தலையா, பிரஷரை ஏத்து" என்பதுதான் பல ஷெட்டுகளில் கிடைக்கும் வைத்தியம். அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓடின காலத்து ஃபியட், ஹெரால்ட் எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். அதுக்குக் கால் பார் அழுத்தமே தாராளம். கூடினால் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிந்துவிடும். இன்ஜெக்டர் வண்டியில் கதை வேறு. எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறந்திருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு, இந்த இரண்டும்தான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும்.

பல வண்டிகளில் அந்த வித்தியாசம் சுமார் 3 பார். அதை 4 ஆக்கினால் பெட்ரோல் 33 சதவீதம் கூடும்னு தோணும். கூடாது. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கிடைப்பது 15 சதவீதம்தான். இரண்டு மடங்கு வேணும்னா 12 பார் வேண்டும். அதைவிடப் பெரிய இன்ஜெக்டர் மாட்டுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது டர்போ. அது 1 பார் பூஸ்ட் கொடுத்தால், இன்ஜெக்டரின் வாய்ப்பக்கம் அந்த 1 பார் எதிர்த்துத் தள்ளும். வித்தியாசம் 2 ஆகிவிடும். பெட்ரோல் 18 சதவீதம் குறையும். அதுவும் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்காக வரும் நேரத்தில்! ரெகுலேட்டரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஒரு சின்ன ஹோஸ் போவது இதற்காகத்தான். பூஸ்ட் ஏற ஏற ரெயில் அழுத்தமும் அதே அளவு ஏறும்.

மிச்சம் இருப்பது பம்ப். எங்க மண்டகப்பட்டு பக்கம் பம்புசெட் வெச்சிருக்கிற யாருக்கும் இது புரியும்: தண்ணியை எவ்வளவு உயரம் தள்ளணுமோ அவ்வளவு வரத்து குறையும், வோல்டேஜ் இறங்கினா இன்னும் மோசம். பெட்ரோல் பம்பும் அப்படித்தான். ஸ்க்ரூவைத் திருகி அழுத்தத்தை ஏத்தும்போது, பம்ப் தரக்கூடிய அளவு குறைகிறது.

ஆபத்து இங்கேதான். வண்டி ஐடிலில் நிற்கும்போது கேஜ் அழகாக இருக்கும். 402 மீட்டர் ஓட்டத்தின் கடைசியில், முழு பூஸ்ட்டில், பம்ப் திணறி அழுத்தம் சரியும். கலவையில் பெட்ரோல் குறைந்து, நாக்கிங் வந்து, ஒன்றிரண்டு வினாடியில் பிஸ்டன் உருகலாம். இப்போ பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதே காற்றுக்கு எடையில் சுமார் 8 சதவீதம் கூடுதலாகத் தேவை. பம்புக்கு அந்தச் சுமையும் சேர்கிறது.

அதனால ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பிரஷர் சென்சார் மாட்டி, பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம், ரெயில் அழுத்தம் மூன்றையும் ஓட்டம் முழுக்கப் பதிவு பண்ணுங்க. ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்தால் கடைசி வரை ஒரே எண் வரணும். சரிந்தால் கோளாறு பம்பிலோ, ஃபில்டரிலோ, வயரிங்கிலோ இருக்கு. ஸ்க்ரூ அதைச் சரி பண்ணாது.

இந்தச் சோதனைக்கு டைனோ இருக்கு, இருங்காட்டுக்கோட்டை மாதிரி மூடிய டிராக் இருக்கு. திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலை நேராக இருப்பது ஆசை காட்டும். ஆனால் பொதுச்சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். பிஸ்டன் போனால் வேறு வாங்கலாம். எதிரில் சைக்கிளில் வருபவருக்கு அது பொருந்தாது.