டிடிபி கடைக் கோப்பில் ‘கோவை’ எங்கே போகிறது?

கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், புதுமனை புகுவிழா என்று கொங்கு நாட்டில் எந்த விசேஷமானாலும் முதல் வேலை பத்திரிகை அடிப்பதுதான். கோவை டவுன்ஹால் பக்கமோ ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து, தாய்மாமன் பெயரிலிருந்து குலதெய்வத்தின் பெயர்வரை பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. “ஏனுங்கண்ணா, அடிச்ச மேட்டரை அப்படியே வாட்ஸ்அப்புல அனுப்பி விடுங்க, சொந்தக்காரங்களுக்குப் போடணும்” என்பார் ஒருவர். கடைக்காரர் அனுப்பிவைப்பார். செல்போனில் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நிற்கும்.

இது வைரஸும் இல்லை, செல்போன் கோளாறும் இல்லை. அந்தக் கோப்பில் தமிழ் என்பதே தொடக்கத்திலிருந்து கிடையாது.

‘கோவை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். டிடிபி கடைகளில் பல காலமாகப் புழங்கும் பாமினி எழுத்துருவில் இதை அடித்தால், கணினி சேமித்துவைப்பது ஐந்து எண்களை: 78, 102, 104, 105, 116. உலகத்தின் எந்தக் கணினியைக் கேட்டாலும் இவை ஆங்கிலத்தின் பெரிய ‘என்’, சின்ன ‘எஃப்’, ‘எச்’, ‘ஐ’, ‘டி’ என்றுதான் சொல்லும். பாமினி செய்வது வேடம் போட்டுவிடுகிற வேலை. ‘என்’ எழுத்தின் இடத்தில் இரட்டைக்கொம்பின் படத்தை வைத்திருக்கிறது. ‘எஃப்’ இடத்தில் க. ‘எச்’ இடத்தில் கால். ‘ஐ’ இடத்தில் ஐகாரக் கொம்பு. ‘டி’ இடத்தில் வ. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் கண்ணுக்குக் ‘கோவை’ தெரியும். எழுத்துரு இல்லாத செல்போனுக்குப் போனதும் வேடம் கலைந்துவிடும்.

வரிசையைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். ‘கோ’ என்று சொல்லும்போது க் என்ற மெய்தான் முதலில் ஒலிக்கிறது. பாமினியிலோ இரட்டைக்கொம்பு முதலில், க அடுத்து, கால் கடைசியில். கண்ணில் படும் வரிசைப்படி இடமிருந்து வலமாக அடிக்கும் இந்தப் பழக்கம் கணினிக்கும் முந்தியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பகுதியில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்துத் தந்தபோது, சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் அடக்கும் கட்டாயம் அவருக்கு இருந்தது. கொம்பும் காலும் தனித்தனி விசைகளாயின. புள்ளி விசையை அழுத்தினால் காகித உருளை நகராது. புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். இயந்திரத்தின் கட்டாயத்துக்காக வந்த, கொம்பை முதலில் அடிக்கும் அந்த ஏற்பாடு, விரல்களில் ஊறி, கணினி வந்தபோது அப்படியே அதற்குள்ளும் நுழைந்துவிட்டது.

அக்காலக் கணினி எழுத்துரு ஒன்றில் இருந்தது மொத்தமே 256 இடங்கள். அதிலும் கணிசமானவை கணினி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொண்டவை. மீதி இடத்தில் தமிழை எப்படி அடுக்குவது என்பதற்குப் பொது விதி ஏதும் இருக்கவில்லை. எனவே ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. பாமினியில் வ இருக்கும் இடத்தில் இன்னொரு எழுத்துருவில் வேறு எழுத்து இருக்கும். ஸ்ரீலிபி எழுத்துருவில் அடித்ததை வானவில் எழுத்துருவில் திறந்தால் தமிழ் போலத் தெரியும், படிக்க முடியாது. ஒரே தெருவில் இரண்டு அச்சகங்கள் ஒன்றின் கோப்பை ஒன்று திறக்க முடியாத நிலை 1990களில் சாதாரணம்.

இதைச் சரிசெய்ய முனைந்தவர்கள் பெரும்பாலும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் போன்றவர்கள் தங்கள் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தை இதற்குக் கொடுத்தார்கள். மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கியது ஒரு குழு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக ‘தமிழ்99’ விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறியீடுகளும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள் நிலைக்கவில்லை. அவற்றைவிடப் பெரிய ஒன்று அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அதுதான் யூனிகோட். உலகின் எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுத்து, எவரும் எவருடைய எண்ணையும் தொடாதபடி செய்த ஏற்பாடு. 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. க என்றால் 2965. வ என்றால் 2997. இந்த எண்கள் தமிழுக்கு மட்டுமே உரியவை. சென்னையிலும் டொராண்டோவிலும் ஒன்றே. ‘கோவை’யை யூனிகோடில் சேமித்தால் 2965, 3019, 2997, 3016 என்ற நான்கு எண்களாகும்: க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி. நாம் சொல்லும் வரிசைதான். கொம்பை முன்னால் வரைவதும் காலைப் பின்னால் வரைவதும் எழுத்துருவின் பொறுப்பு. அதற்கான திறன் விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துருவோடு வந்தது. அதன் பிறகு வந்த எக்ஸ்பியில்கூடப் பலருக்குக் குறுந்தகட்டைப் போட்டுத் தனியாக அந்த வசதியை நிறுவ வேண்டியிருந்தது. இன்று பத்தாயிரம் ரூபாய் செல்போனில் அது பிறவியிலேயே இருக்கிறது.

இந்தக் கதையில் கோவைக்கு ஒரு தனி இடம் உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அப்போதைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கிவைத்ததும், சிந்து எழுத்து ஆய்வாளர் அஸ்கோ பர்போலாவுக்கு விருது வழங்கியதும், ஊர்வலமும் கூட்டமும் பலருக்கு நினைவிருக்கும். அதே வளாகத்தில் ‘உத்தமம்’ அமைப்பின் ஒன்பதாவது தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாடு தொடங்கிய அதே ஜூன் 23ஆம் தேதியிட்டுத் தமிழ்நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இனி தமிழுக்கு யூனிகோடே தரக் குறியீடு; யூனிகோட் வேலை செய்யாத மென்பொருள்களில் மட்டும் ‘டேஸ்16’ என்ற மாற்றுக் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்றது அது. டாம், டாப் இரண்டும் அத்தோடு விடைபெற்றன. மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியும் நடத்தப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. பத்துவிதக் குறியீடுகளில் தமிழ் சிதறிக் கிடந்திருந்தால் அப்படி ஒரு போட்டியை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

டேஸ்16 பற்றி ஒரு வார்த்தை. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. யூனிகோடில் க் என்ற மெய்யே ‘க, அதன் மேல் புள்ளி’ என்று இரண்டு எண்களாகப் பதிவதைத் தமிழ் இலக்கணம் அறிந்தவர்கள் குறையாகச் சொன்னார்கள். அந்தக் குறை உண்மையானதுதான். ஆனால் உலகம் முழுவதும் ஒரே எண்ணை ஒப்புக்கொண்ட பிறகு, அந்த ஒப்புதலின் மதிப்பு எந்த இலக்கணச் செம்மையையும்விடப் பெரியது. டேஸ்16 பொதுமக்கள் கைக்கு வந்து சேரவேயில்லை. அதில் இழப்பும் இல்லை.

ஆணை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைகளில் ஏன் இன்னும் பாமினியும் அதன் தோழர்களும்? முதல் காரணம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுபோனது; யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. யூனிகோட் வரியை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். அதே நிறுவனத்தின் இன்டிசைனில் இந்திய மொழிகள் ஒழுங்காக அமைய 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் பழைய முறையில் வேகம் பெற்றுவிட்டார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்த பெண்களும் இளைஞர்களும்தான் இந்தத் தொழிலின் தூண்கள். அவர்கள் விரலுக்குப் பழகிய விசை வரிசையை மாற்றச் சொன்னால் அன்றைய கூலி பாதியாகும். இரண்டாவது காரணம் அழகு: பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ற வளைவும் நெளிவும் உள்ள எழுத்துருக்கள் பழைய குறியீடுகளில்தான் குவிந்திருந்தன.

இரண்டு காரணங்களும் இன்று வலுவிழந்துவிட்டன. யூனிகோடுக்கு மாற விசை வரிசையை மாற்ற வேண்டியதே இல்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பழைய தட்டச்சு முறையும் பாமினி முறையும் அப்படியே இருக்கின்றன; விரல் பழைய வழியில் ஓடும், உள்ளே யூனிகோட் பதிவாகும். கேட்டமரான், முக்தா மலர், கவிவனார், பவனம் என்று நல்ல எழுத்துருக்கள் விலையில்லாமல் கிடைக்கின்றன. இவற்றில் கடைசி இரண்டும் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கைவண்ணம்.

பத்திரிகை போனால் போகிறது, விசேஷம் முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது என்று விட்டுவிடலாம். விடமுடியாதவை வேறு இருக்கின்றன. கொங்கு நாட்டில் கூட்டம் எனப்படும் குலப்பிரிவு தோறும் குல வரலாறு அச்சிடும் வழக்கம் உண்டு. எந்தக் கோயில் யாருடைய காணி, எந்தப் பட்டயம் யார் வீட்டில் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து யார் எங்கே குடிபெயர்ந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் கிடக்கும். ஈரோட்டுப் புலவர் செ. இராசு போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து செப்பேடும் ஓலையும் தேடித் தந்ததால் விளைந்த அறிவு அது. இத்தகைய நூல்கள் சில நூறு பிரதிகள் அச்சாகி, உறவுக்குள் விநியோகமாகி, முடிந்துவிடும். மறுபதிப்புக்கு மிஞ்சுவது கடைக்காரரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ்மேக்கர் கோப்பு மட்டும். கலைமகள் விழா மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர்த் தல புராணம், கோவைச் சிற்றிதழ்களின் பழைய இதழ்கள் என்று இப்படிக் கிடப்பவை ஏராளம்.

இந்தக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் போட்டாலும் முழுப் பயன் இல்லை. கூகுளில் ஊர்ப் பெயரைத் தமிழில் தேடுபவருக்கு அது அகப்படாது. அதற்குள் இருப்பவை ஆங்கில எழுத்தின் எண்கள்தானே. பார்வையற்ற வாசகருக்கு நிலைமை இன்னும் மோசம். கணினித் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் யூனிகோட் தமிழை நன்றாகப் படிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் ‘என், எஃப், எச்’ என்று எழுத்து எழுத்தாக உளறும். செயற்கை நுண்ணறிவு பற்றி நாளிதழ்களில் தினம் ஒரு செய்தி வருகிறது. அந்தக் கருவிகள் கற்பது எண்ணாக உள்ள எழுத்திலிருந்து. கொங்கு வட்டார வழக்கும் வரலாறும் அவற்றுக்கு எட்ட வேண்டுமானால், அவை முதலில் தமிழ் எண்களில் இருக்க வேண்டும்.

மாற்றுவது கடினமில்லை, கவனம் தேவை. என்எச்எம் கன்வெர்ட்டர், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ‘தமிழி’ ஆகிய மாற்றி மென்பொருள்கள் பழைய குறியீட்டை யூனிகோடாக்கித் தரும். முதலில் கோப்பில் எந்த எழுத்துரு இருக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். தவறான பெயரைத் தேர்ந்தால் வருவது வேறொரு குப்பை. வரியின் நடுவே உண்மையான ஆங்கிலம் இருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். மின்னஞ்சல் முகவரி, நிறுவனப் பெயர், பட்டங்கள் ஆகியவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். பழைய தட்டச்சில் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருந்தது. காகிதத்தில் வித்தியாசம் தெரியாது, யூனிகோடில் சொல்லே உடைந்துவிடும். ஔகாரக் குறியிலும் இதே கதை: பின்னால் வருவது குறியின் பாதியா, ளகரமா என்று மாற்றியால் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் படித்தாக வேண்டும்.

வீட்டில் குல வரலாற்று நூலோ, அப்பா எழுதி அச்சிட்ட கவிதைத் தொகுப்போ, ஊர்க் கோயில் மலரோ இருந்தால், அதை அச்சிட்ட கடை இன்னும் நடக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். கோப்பு கிடைத்தால் எழுத்துருவின் பெயரையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எழுத்துருவையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல், யூனிகோட் பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள். அடுத்த பத்திரிகைக்குக் கடைக்குப் போகும்போது, “யூனிகோட்லயே அடிச்சுக் குடுத்துருங்கண்ணா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.