உங்களுக்குத் தெரியுமா? அணையின் உரிமமும் காலாவதியாகும்!

டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான். அமெரிக்காவில் தனியார் புனல்மின் அணை நடத்த மத்திய ஆணையத்தின் உரிமம் வேண்டும். 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் ஆயுள் அதிகபட்சம் 50 ஆண்டு. அதன்பின் மறுபடி மனுப்போட வேண்டும். 1986-இல் ஒரு திருத்தம் வந்தது: மின்சாரத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை மீனுக்கும் ஆற்றுக்கும் கொடுத்தாக வேண்டும்.

அந்தத் திருத்தத்தின் பலன் 1997-இல் தெரிந்தது. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த ஆணையம், ‘இடித்துவிடுங்கள்’ என்றது. உரிமையாளர் விரும்பாமலே அப்படி ஓர் உத்தரவு வந்தது அதுவே முதல் முறை. அணை தந்த மின்சாரம் வெறும் 3.5 மெகாவாட்! 1999 ஜூலை 1 அன்று உடைத்தார்கள்.

அதே மாநிலத்தில் ஒரு காகித ஆலைக்கு ஐந்து அணைகள். ஆற்றில் எதையாவது வெளியேற்றக்கூடிய வேலைக்கு மத்திய உரிமம் கேட்பவர் மாநில அரசின் ஒப்புதலும் பெற வேண்டும் என்கிறது தூய நீர்ச் சட்டம். ‘நாங்கள் எதையும் கலக்கவில்லையே, ஆற்றுத் தண்ணீர்தானே டர்பைன் வழியாகப் போகிறது?’ என்று வாதாடியது ஆலை. உச்ச நீதிமன்றம் அகராதியைப் புரட்டியது. தண்ணீர் வெளியே வருவதும் வெளியேற்றம்தான் என்று 2006-இல் ஒருமனதாகத் தீர்ப்பு. அகராதிக்கும் ஆற்றுக்கும் இப்படி ஓர் உறவு!

வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா அணையைக் கட்டியபோது, மீன் ஏற வழிவிட வேண்டும் என்ற சட்டம் 1890-லிருந்தே இருந்தது. வழி விடவில்லை. பதிலுக்கு ஒரு மீன் குஞ்சுப் பண்ணை வைத்தார்கள். அதையும் 1922-இல் மூடிவிட்டார்கள். அணையை அகற்றும் வேலை தொடங்கியது 2011-இல். நீர் வடிந்தபோது, தங்கள் குலம் தோன்றிய இடம் என்று கிளாலம் பழங்குடியினர் போற்றும் பாறை மறுபடி வெளியே வந்தது.

அமெரிக்காவின் மேற்கிலேயே ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றி முடித்தது 2024-இல். சில வாரங்களிலேயே சால்மன் மீன் மேலே ஏறிவந்தது.

கடைசியாக, அணையை மறித்த மீன். விரல் நீளம்தான், பெயர் ஸ்னெயில் டார்ட்டர். டென்னசியில் டெலிகோ அணை ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், இந்த மீன் அழிந்துவிடும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அந்த அணையில் டர்பைனே கிடையாது. வாய்க்கால் வழியாகப் பக்கத்து அணைக்குத் தண்ணீர் தள்ளுவதுதான் அதன் மின்சார வேலை. மறு ஆண்டே நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்தது, மதகை அடைத்தார்கள். வேறு ஆறுகளில் பிழைத்துக்கொண்ட மீன் 2022-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. 2025-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: அது தனி இனமே இல்லை, ஏற்கெனவே தெரிந்த இன்னொரு மீன்தான்!