ஜெங்ஜோவை வளர்த்தது சரக்கு

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். விமான நிலையம் என்றதும் நமக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும் பயணிகள்தான் கண்ணில் வருவார்கள். சீனாவின் ஹெனான் மாகாணத் தலைநகர் ஜெங்ஜோவில் கதை வேறு. அந்த விமான நிலையத்தைத் தூக்கி நிறுத்தியது சரக்கு.

ஹெனானுக்குக் கடல் கிடையாது. கோதுமை விளையும் சமவெளி. தெற்கு வடக்காகப் போகும் பெய்ஜிங்-குவாங்ஜோ ரயில் பாதையும் கிழக்கு மேற்காகப் போகும் லோங்ஹாய் பாதையும் சந்திக்கிற இடம் என்பதால் பெரிதான ஊர் ஜெங்ஜோ. 1997இல் ஊருக்கு வெளியே சின்ஜெங் விமான நிலையத்தைத் திறந்தார்கள். 2010இல்கூட அது கையாண்ட சரக்கு ஒரு லட்சம் டன்னை எட்டவில்லை.

அந்த ஆண்டுதான் ஃபாக்ஸ்கான் வந்தது. ஐபோன் தயாரிக்கும் ஆலை, விமான நிலையத்தை ஒட்டியே. போனுக்கு எடை குறைவு, விலை அதிகம். கப்பலில் ஏற்றினால் போட்ட பணம் வாரக்கணக்கில் கடலில் முடங்கும். அதற்குள் புது மாடல் பரபரப்பும் அடங்கிவிடும். அதனால்தான் விமானக் கூலி கட்டுபடியாகிறது. ஒரு போயிங் 747இல் ஒன்றரை லட்சம் ஐபோன் ஏறும் என்கிறார்கள்.

சூட்சுமம் சுங்கத்தில் இருக்கிறது. ஆலை இருக்கும் பகுதியை அரசு தனி மண்டலமாக்கி, சுங்கக் கணக்குக்கு மட்டும் அதை வெளிநாடு மாதிரி வைத்துக்கொண்டது. உள்ளே வரும் உதிரிபாகத்துக்கு வரி இல்லை. சுங்கச் சோதனைக் கூடமும் ஆலை வாசலுக்குப் பக்கத்திலேயே. சோதித்து முத்திரை வைத்த பெட்டி லாரியில் ஏறினால், சில கிலோமீட்டரில் ஓடுதளம். நம்மூரில் சுங்க அனுமதிக்காகக் கிடங்கில் சரக்கைப் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போக விமானம் நிறைந்தது, திரும்பி வர? ஒருவழிச் சரக்கை நம்பி எந்த நிறுவனமும் நிரந்தரமாகப் பறக்காது. அதற்கு ஹெனான் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. லக்சம்பர்க்கின் சரக்கு விமான நிறுவனமான கார்கோலக்ஸில் 35 சதவீதப் பங்கை 2014இல் மாகாண அரசின் நிறுவனம் வாங்கியது. அந்த ஆண்டே லக்சம்பர்க்-ஜெங்ஜோ சேவை தொடங்கிவிட்டது. விமானம் வரட்டும் என்று காத்திராமல், விமானக் கம்பெனியிலேயே பங்காளியாகிவிட்டார்கள். 2015 இறுதியில் இரண்டாம் முனையம், அடுத்த மாதமே இரண்டாம் ஓடுதளம்.

ஆபத்தும் உண்டு. 2022இல் கொரோனா கட்டுப்பாடுகளுக்குப் பயந்து ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் சாலை வழியே நடந்தே ஊர் திரும்பினார்கள். ஐபோன் உற்பத்தியில் ஒரு பங்கு இந்தியாவுக்கு நகர்ந்தது. அதில் ஸ்ரீபெரும்புதூருக்கும் பங்குண்டு. அந்த ஆண்டு ஜெங்ஜோவின் சரக்கும் சரிந்தது. ஆனால் இணைய வணிகப் பொட்டலங்களும் பிற சரக்குகளும் சேர, 2024இல் அது 8 லட்சம் டன்னைத் தாண்டியது. ஒரே ஆலையை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.