கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கும் முன்

நம் வீடுகளில் பிள்ளைகளின் பாடம், உதவித்தொகை விண்ணப்பம், குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அது நின்றுபோனால் பதறிப்போய்க் கடைக்குத் தூக்குகிறோம். அதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

உயிரே வரவில்லையா? சுவிட்சையும் பிளக்கையும் பின்புற வயரையும் சரிபாருங்கள். விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால், மானிட்டர் வயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள்.

மெதுவாக ஓடுகிறதா? முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த புரோகிராம் பாரமாக இருக்கிறது என்பது அதில் தெரியும். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் வேகம் குறையும்.

ஓடும்போதே திடீரென்று அணைகிறதா? மின்விசிறியில் தூசி அடைத்துச் சூடேறியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் தட்டுங்கள்.

"வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள், அது மோசடி. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைக்குப் போயே தீரவேண்டும் என்றால், "ஃபைல்களை எடுத்து வைக்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும். அதைவிட நல்லது, கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே சான்றிதழ்களையும் படங்களையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைப்பது. வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம். வஃபாத்தான வாப்பாவின் படத்தை வாங்க முடியாது.