பழைய மோடம் மீண்டும் பேசுமா?

குற்றாலத்தில் சாரல் காலத்தில் பேரருவியின் அருகே நின்று நண்பரிடம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த இரைச்சலில் வழக்கமான வேகத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, வேண்டுமானால் இருமுறை சொல்லிப் பேசுவோம். அருவியை விட்டு விலகிக் கடைத்தெருவுக்கு வந்ததும் பேச்சின் வேகம் தானாகவே கூடிவிடும். இதே உபாயத்தைக் கையாளும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் மோடம்.

இன்று தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் இருந்துகொண்டே உலகெங்கும் பயன்படும் கணிப்பொறி மென்பொருள்களை எழுதுகிறார்கள். செய்திகள் கண்ணாடியிழை வழியே நொடியில் பறக்கின்றன. ஆனால் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கணிப்பொறிக்கு வெளியுலகம் தெரிந்தது சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். அந்தக் காலத்து மோடம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலோ, பள்ளியின் அலமாரியிலோ தூசி படிந்து கிடக்கலாம். அதை எடைக்குப் போடுவதற்கு முன், லினக்ஸ் கணிப்பொறியில் இணைத்துப் பேசவைக்க முடியுமா என்று பார்ப்போமா?

மோடம் செய்யும் வேலை

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள். தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே அது கடத்தும். ஆகவே குறிகளை ஒலியாக மாற்றி அனுப்பவும், வரும் ஒலியைக் குறிகளாக மாற்றிக் கொடுக்கவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரே மோடம்.

வினாடிக்கு 300 பிட் அனுப்பும் பழைய ‘வி.21’ முறையைப் பாருங்கள். அழைக்கும் மோடம் 1 என்பதற்கு 980 ஹெர்ட்ஸ் ஒலியையும், 0 என்பதற்கு 1,180 ஹெர்ட்ஸ் ஒலியையும் எழுப்பும். பதில் சொல்லும் மோடம் 1,650, 1,850 ஹெர்ட்ஸ் ஒலிகளைப் பயன்படுத்தும். ஒலிகள் வெவ்வேறானதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பம் இல்லை.

‘குற்றாலம்’ என்ற சொல்லை இப்படி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? இன்றைய யூனிகோடு முறையில் அச்சொல்லில் 9 குறியீடுகள் உள்ளன. வழக்கமான யு.டி.எஃப்.8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 27 பைட். ஒவ்வொரு பைட்டின் 8 பிட்டுகளுடன் தொடக்கத்தைக் காட்ட ஒன்றும், முடிவைக் காட்ட ஒன்றும் சேர்ந்து 10 பிட் ஆகின்றன. மொத்தம் 270 பிட். எனவே 0.9 வினாடி. ஏறக்குறைய நாம் வாயால் சொல்லும் நேரம்தான்!

பின்னர் வந்த மோடங்கள் ஒலியின் கட்டத்தையும் வீச்சையும் சேர்த்து மாற்றி, ஒரே மாற்றத்தில் பல பிட்டுகளை ஏற்றின. வினாடிக்கு 600 மாற்றங்கள், ஒவ்வொன்றிலும் 4 பிட் என்றால் 2,400 பிட் அல்லவா? இவ்வாறே வளர்ந்து 33,600 பிட்டையும், 1998-இல் வகுக்கப்பட்ட ‘வி.90’ முறையில் பெறும் திசையில் 56,000 பிட்டையும் எட்டினார்கள்.

இணைப்பின் தொடக்கத்தில் கேட்கும் ‘கிறீச்’ சத்தம் வெறும் இரைச்சல் அன்று. இரு மோடங்களும் கம்பியின் தரத்தை அளந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. கம்பியில் இரைச்சல் மிகுந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அருவிக்கரையில் நாம் செய்வதும் அதுதானே!

நம் நாட்டில் மோடம்

1986-இல் தொடங்கிய ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. அதன் தொடக்க நாட்களில் கல்வி நிலையங்களுக்கிடையே மின்னஞ்சல்கள் தொலைபேசி மோடம் வழியே சென்றன. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதலில் வாய்ப்புப் பெற்ற நகரங்களுள் அப்போது மதராஸ் எனப்பட்ட சென்னையும் ஒன்று.

முதலில் இனம் காணுங்கள்

மோடங்களில் இரு வகை உண்டு. முதல் வகை, தனிப் பெட்டியாக வெளியே வைப்பது. இதில் வரிசைத் துறைக்கான கம்பியும், தனி மின்இணைப்பும், சிறு விளக்குகளும் இருக்கும். ஒலியாக மாற்றும் வேலை முழுவதையும் இப்பெட்டியே செய்துவிடும்.

இரண்டாவது, 1990-களின் பிற்பகுதியில் கணிப்பொறிக்குள் பொருத்தப்பட்ட மலிவு வகை. இதனை ‘வின்மோடம்’ என்பர். செலவைக் குறைப்பதற்காக இதன் மூளையை எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். அந்த மென்பொருளின் உள்விவரத்தைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடவில்லை. லினக்ஸ் ஆர்வலர்கள் சிலவற்றுக்கு மாற்று இயக்கிகளைத் தேடித் தந்தனர். ஆனால் அவற்றில் பல பழைய லினக்ஸ் பதிப்புகளோடு நின்றுவிட்டன.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். பழைய பெட்டி மோடம் இன்றும் தனி இயக்கி இல்லாமலே வேலை செய்கிறது. அதற்குப் பின் வந்த வின்மோடமோ, பழுது ஏதும் இல்லாமலே பயனற்றுக் கிடக்கிறது!

லினக்ஸில் இணைத்தல்

இன்றைய கணிப்பொறிகளில் பழைய வரிசைத் துறை பெரும்பாலும் இருப்பதில்லை. யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி ஒன்று வாங்கி இணைக்கலாம். லினக்ஸ் பெரும்பாலான கருவிகளைக் கோப்புகளாகவே பாவிக்கும். புதிய கருவி ‘டிடிஒய் யுஎஸ்பி 0’ என்ற பெயரில் தோன்றும். டெபியன், உபுண்டு பதிப்புகளில் இதைத் தொட அனுமதி வேண்டும். உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். மோடம் பழுது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்த அனுமதிக் குறையே.

பிறகு ‘மினிகாம்’ என்ற நிரலைத் திறந்து, ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி ‘என்டர்’ விசையை அழுத்துங்கள். ‘ஓகே’ என்று பதில் வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது. இக்கட்டளை மொழி 1981-இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தில் பிறந்தது. பதில் வராவிட்டால் வேகத்தை 9,600-க்குக் குறைத்துப் பாருங்கள். அதன் பின் கம்பியையும் மின்இணைப்பையும் சோதியுங்கள்.

தொலைபேசி இல்லாமல் ஒரு சோதனை

இரண்டு மோடங்களும் இரண்டு கணிப்பொறிகளும் கிடைத்தால் வகுப்பறையிலேயே பேசவைக்கலாம். இரு மோடங்களின் தொலைபேசித் துளைகளை ஒரே கம்பியால் இணையுங்கள். அக்கம்பியின் இரு இழைகளில் ஒன்றின் இடையே 9 வோல்ட் மின்கலத்தையும் சுமார் 300 ஓம் மின்தடையையும் தொடராகச் சேருங்கள். ஒரு மோடத்தில் ‘ஏடிஎக்ஸ்3டி’ என்ற கட்டளையையும், உடனே மற்றதில் ‘ஏடிஏ’ என்ற கட்டளையையும் கொடுங்கள். முதலாவது கட்டளை, டயல் ஒலிக்குக் காத்திராமல் அழைக்கச் சொல்வது. இரண்டாவது, பதில் சொல்லச் சொல்வது. பல மோடங்கள் ‘கனெக்ட்’ என்று காட்டும். இனி ஒன்றில் தட்டுவது மற்றதில் தெரியும். ‘பிபிபிடி’ என்ற நிரலை இரு புறமும் இயக்கினால், இதே கம்பியில் இணைய நெறிமுறையும் ஓடும்.

எச்சரிக்கை: உண்மையான தொலைபேசிக் கம்பியை அறுத்துச் சோதிக்காதீர்கள். அதில் சுமார் 48 வோல்ட் எப்போதும் உண்டு; மணி ஒலிக்கும்போது இன்னும் மிகுதி. இடி மின்னல் நேரத்தில் அருகே செல்லவே கூடாது. மேலும், இன்று பல வீட்டுத் தொலைபேசிகள் கண்ணாடியிழை வழியே குரலைப் பொட்டலங்களாக்கிச் சுருக்கி அனுப்புகின்றன. காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மோடத்தின் நுட்பமான ஒலி சிதைந்துவிடும்.

பொங்குமாங்கடல் கற்பிக்கும் பாடம்

பேரருவியின் நீர் மேலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, வழிந்து இறங்குகிறது. மோடத்திலும் இத்தகைய பள்ளம் உண்டு. அதனை இடைத்தாங்கி என்பர். கணிப்பொறி 115,200 பிட் வேகத்தில் கொட்ட, கம்பியோ 33,600 மட்டுமே ஏற்கும். எனவே தாங்கி நிரம்பும். ஆற்றை ‘நில்’ என்று சொல்ல ஆள் இல்லை. மோடமோ தனிக் கம்பி ஒன்றின் மூலம் ‘நிறுத்து’ என்று கணிப்பொறிக்குச் சைகை காட்டும். இந்த வன்பொருள் ஒழுங்கை மினிகாமில் இயக்கி வைக்காவிட்டால் எழுத்துகள் இடையிடையே காணாமற் போகும்.

இதனால் என்ன பயன்?

3 மெகாபைட் படம் ஒன்றை 33,600 பிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். ஆகவே அன்றாட வேலைக்கு இது உதவாதுதான். ஆனால் இன்றைய கைபேசி மோடங்களும் 4ஜி கருவிகளும் அதே ஏ.டி. கட்டளைகளைப் புரிந்துகொள்கின்றன. பழைய பெட்டியிடம் கற்ற மொழி புதியதிலும் செல்லும்.

மற்றொன்றும் உண்டு. பெட்டி மோடம் இன்றும் பிழைத்திருப்பதற்குக் காரணம், அதனோடு பேசும் முறை எல்லாருக்கும் தெரிந்திருப்பதே. வின்மோடம் மாண்டதற்குக் காரணம் அது மறைக்கப்பட்டதே. அடுத்த முறை ஒரு கருவி வாங்கும்போது, விலையுடன் இதையும் கேளுங்கள்: தயாரிப்பாளர் கைவிட்ட பின்னும் இதனோடு நான் பேச முடியுமா?

உங்களுக்கு ஒரு கணக்கு: உங்கள் ஊரின் பெயரில் எத்தனை யூனிகோடு குறியீடுகள் உள்ளன? அதை 300 பிட் மோடம் எத்தனை வினாடியில் அனுப்பும்?