பழைய ஜீப்பில் வீல் போல்ட், நட் பழுதா? விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மலைத்தோட்டங்களிலும் மண் பாதைகளிலும் உரமூட்டை, விளைபொருள், வேலையாட்கள் என அனைத்தையும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய ஜீப்புகளைப் பல விவசாயிகள் இன்றும் பயன்படுத்துகின்றனர். இன்ஜினுக்குக் கொடுக்கும் கவனத்தைச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட், நட்டுக்கு நாம் கொடுப்பதில்லை. ஐந்து போல்ட்டில் ஒன்று உடைந்தால் அதன் சுமையும் மற்ற நான்கின் மேல் ஏறும். அடுத்தடுத்து உடைந்து, இறக்கத்தில் சக்கரம் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

அறிகுறிகள்

நட்டைச் சுற்றி ரிம்மில் துருக்கோடு வழிந்திருப்பது, மெதுவாகச் செல்லும்போது சக்கரத்தில் 'டக் டக்' சத்தம், ரிம் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது ஆகியவை நட் தளர்ந்து ஓடியதற்கான அடையாளங்கள். துளை தேய்ந்த ரிம்மை மாற்றிவிட வேண்டும். புதிய நட் போட்டாலும் அது நிற்காது.

எந்தப் பக்கம் திருப்புவது?

பழைய ஜீப்புகள் பலவற்றில் வண்டியின் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். அதாவது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் நட் கழலும். இது தெரியாமல் எதிர்த்திசையில் குழாய் மாட்டி அழுத்தியே பல போல்ட்டுகள் உடைகின்றன. போல்ட் முனையில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு பழுது பார்த்தவர்கள் மாற்றிப் போட்டிருக்கலாம் என்பதால் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

இறுகிய நட்டைக் கழற்றுதல்

1. மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊற விடுங்கள்.
2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஜாக்கி ஏற்றுங்கள்.
3. முனை மழுங்கிய நட்டின் மேல் சற்றுச் சிறிய பாக்ஸ் ஸ்பேனரை அடித்து ஏற்றித் திருப்பலாம். அதற்கும் வராவிட்டால், போல்ட்டில் படாமல் நட்டை மட்டும் உளியால் பிளந்து எடுக்கலாம்.
4. டயர் மாட்டியிருக்கும்போது கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் டயர் வெடிக்க வாய்ப்பு உண்டு.

சரி செய்வதா, மாற்றுவதா?

முனையில் ஓரிரு மரை மட்டும் நசுங்கியிருந்தால், அதே அளவு டை போட்டுச் சரி செய்யலாம். மரை உரிந்திருந்தாலோ, போல்ட் இழுபட்டு நடுவில் மெலிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். உடைந்த போல்ட்டை வெல்டிங் செய்து ஒட்டாதீர்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டு மீண்டும் உடையும். ஒன்று உடைந்திருந்தால் அதன் இரு பக்க போல்ட்டுகளையும் மாற்றுங்கள். இரண்டு உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா போல்ட்டையும் மாற்றுவதே பாதுகாப்பு.

சில பழைய ஜீப்புகளில் போல்ட்டின் கழுத்தை அடித்து விரித்து, டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். அந்த விரிந்த பகுதியை முதலில் வெட்டி நீக்காமல் சுத்தியலால் அடித்தால் ஹப் துளை பெரிதாகிவிடும். புதிய போல்ட் துளையில் இறுகப் பிடிக்காமல் சுற்றினால் லேத் பட்டறையில் காட்டுங்கள்.

நட் வாங்கும்போது பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரை அங்குல நட்டின் விட்டம் 12.7 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. அது 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரையும் கொண்ட போல்ட்டில் எளிதாக ஏறிவிடும். பொருந்தியது போலத் தெரிந்தாலும் சுமை வந்தவுடன் மரையை உரித்துக்கொண்டு கழன்றுவிடும்.

முறுக்கும் முறை

ரிம்மும் ஹப்பும் சேரும் இடத்தில் உள்ள சேறு, துரு, பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்குவதால் அதே விசையிலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

அரை அங்குல போல்ட்டுக்குப் பொதுவாக 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கு போதும். உங்கள் வண்டிக்கான சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால் அதைப் போல் மூன்று மடங்கு விசை விழும். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கினாலும் கடைசி முறுக்கைக் கையால் போடச் சொல்லுங்கள்.

சக்கரம் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். வழியில் ஒரு போல்ட் உடைந்தால், ஆட்களையும் சுமையையும் இறக்கிவிட்டு மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லுங்கள். இரண்டு போயிருந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம், மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். அறுவடைக் காலம் தொடங்கும் முன் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை கழற்றிச் சோதித்து வைத்தால், சுமையோடு பாதி வழியில் நிற்கும் நிலை வராது.