கப்பி போட்டா எடை குறையுமா? சாரக்கம்பு தாங்குற கணக்கே வேற!

மாடி வீடு கட்டுற எந்தத் தெருவிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சாரத்தின் உச்சியில் ஒரு கம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கப்பி தொங்கும். கீழே ஒருத்தர் கயிற்றை இழுக்க, கலவை வாளி மேலே போகும். கப்பி, சகடை, ராட்டினம் என ஊருக்கு ஒரு பேர். கிரேன் நுழைய முடியாத சந்துகளில் இதுதான் லிஃப்ட்.

கப்பி இருந்தால் பாரம் குறையும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மை அப்படி இல்லை.

இழுக்கும் திசை மட்டும்தான் மாறும்

ஒற்றைக் கப்பி செய்வது ஒரே வேலைதான். மேலே நின்று தூக்குவதற்குப் பதிலாக, கீழே நின்று நம் உடல் எடையையும் போட்டு இழுக்கலாம். 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தூக்க, 50 கிலோ அளவுக்கு இழுத்தே ஆகணும். கப்பி துருப்பிடித்திருந்தால் இன்னும் கூடுதல். 55 கிலோ எடை உள்ள ஒருத்தர் 70 கிலோ மூட்டையோடு தொங்கிப் பார்த்தாலும் மூட்டை அசையாது. தப்பித்தவறி மூட்டை மேலேயிருந்து இறங்கினால், அவர்தான் மேலே போவார்!

கம்புக்கு 100 கிலோ

இனிதான் முக்கியமான விஷயம். கயிற்றின் ஒரு பக்கம் மூட்டை 50 கிலோவுக்குக் கீழே இழுக்கிறது. மறுபக்கம் தொழிலாளி 50 கிலோவுக்கு இழுக்கிறார். இரண்டையும் தாங்குவது மேலே இருக்கும் அந்தக் கம்புதான். ஆக, 50 கிலோ மூட்டைக்குக் கம்பு தாங்குவது 100 கிலோ. கயிற்றைக் கீழே சாரக்காலில் கட்டிவிட்டால் பாரம் போய்விடும் என்று நினைப்பதும் தப்பு. அப்போதும் அதே 100 கிலோதான். வெடுக்கென்று இழுத்தால் இதுவும் தாண்டும்.

கப்பி எவ்வளவு வெளியே தள்ளித் தொங்குதோ, அவ்வளவு ஆபத்து. 2 அடி நீண்ட கம்பு 4 அடி நீண்டால், அதை வளைக்கும் விசை இரண்டு மடங்கு. கம்பின் பின்முனை மேலே எழும்பப் பார்க்கும். அந்தப் பக்கத்துக் கட்டு தளர்ந்திருந்தால் மொத்தமும் கவிழும். பூச்சு வேலைக்கு ஆள் நிற்பதற்காகப் போட்ட சாரம், இப்படிப் பாரம் தூக்குவதற்காகக் கட்டப்பட்டது இல்லை என்பதை மேஸ்திரிகளே சில நேரம் மறந்துவிடுகிறார்கள்.

நிஜமாவே பாரம் குறையணுமா?

கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, மூட்டையோடு சேர்ந்து ஏறும் இன்னொரு கப்பியைப் போடலாம். இப்போ 25 கிலோவுக்கு இழுத்தால் போதும். கம்பு மீதான பாரமும் 75 கிலோவாகக் குறையும். பதிலுக்கு, இரண்டு மடங்கு நீளத்துக்குக் கயிறு இழுக்கணும்.

கனமான பொருளுக்கு செயின் பிளாக் நல்லது. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் பாரத்தைப் பிரித்துவிடும். கையை விட்டாலும் பாரம் அப்படியே நிற்கும், அதற்குள் பிரேக் இருக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் ஏறும். கயிறும் கப்பியும் மட்டும் என்றால், கை நழுவினால் அவ்வளவுதான். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செங்கல், தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

1996-ம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமும், 1998-ல் வந்த மத்திய விதிகளும் பாரம் தூக்கும் கருவிகளைச் சோதிக்கச் சொன்னன. ஆனால் அந்தச் சட்டம் 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. நாலு பேர் வேலை செய்யும் வீட்டுக்கு யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது மேஸ்திரியும் வீட்டுக்காரரும்தான்.

காலையில் வேலை தொடங்கும் முன் கயிற்றில் பிசிறு இருக்கா, பின்முனைக் கட்டு இறுக்கமா என்று பார்த்துவிடணும். கம்பியை வளைத்துச் செய்த கொக்கி வேண்டாம். வாளி சாரத்தில் இடித்தால் அது கழன்றுவிடும். நாக்கு வைத்த கொக்கி ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கும். வாளி விளிம்புக்கு மேலே செங்கல் அடுக்கக் கூடாது. பாரம் ஏறும்போது நேர் கீழே சித்தாள் நின்று கலவை அள்ளுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். முதலில் மாற்ற வேண்டியது கலவை கொட்டும் இடத்தைத்தான்.